வங்கியில் கொள்ளை போனால் தேடல் எங்கே தொடங்க வேண்டும்?

2022 ஆகஸ்ட் 13, சனிக்கிழமை பிற்பகல். அரும்பாக்கத்தில் இருந்த ஃபெட்பேங்க் நகைக்கடன் கிளையின் காவலாளிக்கு யாரோ குளிர்பானம் கொடுத்தார்கள். அதில் மயக்க மருந்து கலந்திருந்தது. அடுத்து ஊழியர்களை மிரட்டிக் கட்டிப்போட்டு ஓர் அறைக்குள் அடைத்துவிட்டு, சுமார் 32 கிலோ தங்க நகையைப் பைகளில் அள்ளிக்கொண்டு கும்பல் வெளியேறியது. தனிப்படைகள் கிளம்பின. துப்புக் கொடுப்பவருக்கு 1 லட்சம் ரூபாய் சன்மானம் என்று காவல்துறை அறிவித்தது. சில நாட்களுக்குள் ஆட்கள் பிடிபட்டார்கள், நகையும் மீட்கப்பட்டது.

இந்த வழக்கில் இரண்டு விவரங்களை மறக்கக் கூடாது. முதன்மைக் குற்றவாளி என்று காவல்துறை சுட்டிக்காட்டியது, அதே நிறுவனத்தின் வேறொரு கிளையில் வேலை பார்த்த ஊழியரை. கடைசியாக மீட்கப்பட்ட மூன்றரை கிலோவுக்கும் மேற்பட்ட நகை கிடைத்தது, அச்சரப்பாக்கத்தில் பணியாற்றிய ஒரு காவல் ஆய்வாளரின் வீட்டில். அவரும் கைதானார்.

அரும்பாக்கம் வடசென்னை இல்லை. ஆனால் சென்னையில் எந்த மூலையில் கொள்ளை நடந்தாலும் பேச்சு வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு என்று எங்கள் பக்கம் வந்து நிற்பது வழக்கம். அதனால்தான் இந்தத் தேடல் எப்படி நடக்கிறது, சட்டம் என்ன சொல்கிறது, எந்த இடத்தில் அது வழுக்கி அப்பாவியின் தோளில் கைவைக்கிறது, நகை வைத்தவருக்குக் கடைசியில் என்ன கிடைக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

பணம் இல்லை, நகை

முன்பெல்லாம் வங்கிக் கொள்ளை என்றால் கல்லாப் பணம். 2012-ல் சென்னையை உலுக்கிய பெருங்குடி, கீழ்க்கட்டளை வங்கிக் கொள்ளைகள் இரண்டும் அப்படித்தான். துப்பாக்கியைக் காட்டிக் கல்லாவில் இருந்ததை எடுத்துப் போனார்கள். போனது லட்சக் கணக்கில். இன்று ஒரு சாதாரணக் கிளையில் ரொக்கம் அதிகம் இருக்காது. கிளைக்கு இவ்வளவுதான் கையிருப்பு என்று வரம்பு உண்டு. மிஞ்சியது கருவூலக் கிளைக்குப் போய்விடும். மளிகைக் கடைக்காரரும் மீன் விற்கும் அம்மாவும் கியூஆர் அட்டையை மாட்டி வைத்துவிட்ட பிறகு, கல்லாவுக்கு வரும் நோட்டே குறைந்துபோனது.

ரொக்கம் குறைந்த கிளையில் அடகு நகை நிறைந்திருக்கிறது. 30 கிலோ தங்கத்தை இரண்டு மூன்று பைகளில் தூக்கிவிடலாம், மதிப்போ கோடிகள். நோட்டில் வரிசை எண் இருக்கிறது. உருக்கிய தங்கத்தில் எந்த அடையாளமும் இல்லை. 2021 ஜனவரியில் ஓசூர் முத்தூட் ஃபைனான்ஸ் கிளையில் போனதும் 25 கிலோ நகைதான்.

வடசென்னையில் அடகு என்பது வீட்டுப் பொருளாதாரத்தின் ஒரு பகுதி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும், வருமானம் கிடையாது. தடை முடியும் நேரத்தில் பள்ளிக்கூடம் திறக்கும், ஃபீஸ் கட்ட வேண்டும், படகுக்கும் வலைக்கும் செலவு செய்ய வேண்டும். வளையல் போகும், அப்புறம் சங்கிலி போகும், கடைசியில் தாலிக்கொடியும் போகும். பாடு நன்றாக இருந்தால் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். துறைமுகத்தில் சுமை தூக்குபவர், மணலியில் ஒப்பந்தத்துக்கு வேலை பார்ப்பவர், எம்.சி. ரோடு துணிக்கடையில் நிற்கும் பெண் என எல்லா வீட்டிலும் கதை ஏறக்குறைய இதுவேதான். சேட்டு கடை வட்டியிலிருந்து தப்பித்து வங்கிக்கு வந்தவர்கள் இவர்கள். ‘பேங்க்ல இருக்கு, பயமில்ல’ என்ற நம்பிக்கையில் வைத்த நகை அது. நகைக்கடன் கிளையில் நடக்கும் கொள்ளையை ஒரு நிறுவனத்தின் நஷ்டமாக மட்டும் என்னால் பார்க்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

எந்தக் குற்றம் என்பதைப் பொறுத்து

2024 ஜூலை 1 முதல், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, இரவில் பூட்டை உடைத்து எடுத்துப் போனால் வீடு புகுதலும் திருட்டும். ஆளை மிரட்டியோ அடித்தோ எடுத்தால் கொள்ளை, பிரிவு 309. 10 ஆண்டு வரை சிறை. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் கூட்டுக்கொள்ளை, பிரிவு 310. ஆயுள் தண்டனை வரை போகலாம். கொடிய ஆயுதத்தைப் பயன்படுத்தியிருந்தால் பிரிவு 311 சேரும், தண்டனை 7 ஆண்டுக்குக் குறையக் கூடாது. திருட்டு நகை என்று தெரிந்தே வாங்குபவருக்குப் பிரிவு 317.

நான்கு பேரா ஐந்து பேரா என்பது வழக்கின் எடையையே மாற்றிவிடும் என்பதால், முதல் தகவல் அறிக்கையில் சாட்சிகள் சொல்லும் எண்ணிக்கையை எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் கடைசி வரை விட மாட்டார்கள். கட்டிப்போட்டுக் கிடந்த ஊழியருக்கு அந்த நேரத்தில் எத்தனை கால்கள் கண்ணில் பட்டன என்பதே பல வழக்குகளில் கேள்வியாகிறது.

முதல் ஒரு மணி நேரம்

தகவல் கட்டுப்பாட்டு அறைக்கு வந்ததும் வயர்லெஸ்ஸில் போவது வண்டி எண்ணும் அடையாளமும். உடனே எல்லா வழியிலும் வாகனச் சோதனை. வடசென்னையின் அமைப்பு இங்கே தப்பிப்பவனுக்கு எதிராகவும் இருக்கிறது, தேடுபவருக்கு எதிராகவும் இருக்கிறது.

கிழக்கே கடல். அந்தப் பக்கம் போக முடியாது. நடுவில் பக்கிங்ஹாம் கால்வாயும் ரயில் பாதைகளும் ஊரைக் கீற்றுக் கீற்றாக அறுத்துப் போட்டிருக்கின்றன. தண்டையார்பேட்டையிலிருந்து மேற்கே போக வேண்டுமென்றால் ஏதாவது ஒரு பாலம், ஒரு சுரங்கப்பாதை, ஒரு கேட். கொருக்குப்பேட்டை கேட் மூடிவிட்டால் ஆம்புலன்சே நிற்கும். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றால் கார் நகராது. தெருக்களை அறிந்தவன் அதனால் பைக்கில்தான் வருவான். தெரியாதவன் காரில் வந்து மாட்டிக்கொள்வான். பைக் எங்கே கைவிடப்பட்டது, அங்கிருந்து எதில் ஏறினான் என்பது அடுத்த கேள்வி.

வெளியேறும் வழிகளைக் கணக்கெடுத்தால் அதிகம் இல்லை. வடக்கே திருவொற்றியூர் நெடுஞ்சாலை வழியாக எண்ணூர், அங்கிருந்து மீஞ்சூர், பொன்னேரி. மேற்கே ஜி.என்.டி. சாலையில் மாதவரம், புழல், செங்குன்றம், நல்லூர் சுங்கச்சாவடி, காரனோடை தாண்டி, கும்மிடிப்பூண்டிக்கு அப்பால் எளாவூர் சோதனைச் சாவடி, பிறகு ஆந்திரா. செங்குன்றத்திலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகவும் ஆந்திரத்துக்குள் நுழையலாம். இவை சாலைகள். இவற்றோடு கும்மிடிப்பூண்டி, சூலூர்பேட்டை மின்சார ரயில். மாதவரத்திலிருந்து கிளம்பும் ஆந்திரப் பேருந்து. 2021 பிப்ரவரியிலிருந்து விம்கோ நகர் வரை ஓடும் மெட்ரோ. பையை மடியில் வைத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டி ரயிலில் உட்கார்ந்துவிட்டவனை எந்தச் சாலைச் சோதனையும் பிடிக்காது.

இன்னொரு சிக்கல் நிர்வாக எல்லை. 2022 தொடக்கத்தில் சென்னைக் காவல் பிரிக்கப்பட்டு ஆவடி, தாம்பரம் ஆணையரகங்கள் வந்தன. வண்ணாரப்பேட்டையும் ராயபுரமும் சென்னை ஆணையரகம். எண்ணூர், மணலி, செங்குன்றம் பக்கம் ஆவடி. ஓடுபவன் அரை மணி நேரத்துக்குள் ஒரு ஆணையரகத்தின் எல்லையைத் தாண்டுகிறான், அடுத்த ஒரு மணி நேரத்தில் மாநிலத்தையே தாண்டுகிறான். எல்லையைத் தாண்டித் தகவல் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதில்தான் முதல் மணி நேரத்தின் வெற்றி. ஓசூர் வழக்கில் நகைப் பையோடு போன ஜி.பி.எஸ். கருவி வழி காட்ட, தமிழ்நாடு, கர்நாடகம், தெலங்கானா காவல்துறைகள் ஒன்றுக்கொன்று பேசிக்கொண்டே போய் ஐதராபாத் அருகே மறுநாளே பிடித்தார்கள். விரட்டிப் பிடித்ததாகச் செய்தி வந்தாலும், வென்றது ஒரு சின்னக் கருவியும் சரியான நேரத்து போன் அழைப்புகளும்.

கேமராவும் கோபுரமும்

முதல் மணி நேரத்தில் பிடிபடவில்லை என்றால் தேடல் மெதுவாகிவிடும். யாரும் ஓட மாட்டார்கள். நாலு பேர் ஒரு அறையில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பார்கள்.

ஏ.கே. விஸ்வநாதன் ஆணையராக இருந்தபோது ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் சென்னை முழுக்கக் கேமராக்கள் வந்தன. வியாபாரிகளும் குடியிருப்போர் சங்கங்களும் பணம் போட்டுப் பொருத்தியவை ஏராளம். பொருத்தியபோது இருந்த உற்சாகம் பராமரிப்பில் இல்லாததால் பார்வை போய்த் தொங்கிக்கொண்டிருப்பவையும் உண்டு. வேலை செய்யும் கேமராவிலும் ஒரு தொல்லை: ஒவ்வொரு பதிவுப் பெட்டியிலும் கடிகாரம் வெவ்வேறு நேரம் காட்டும். செல்போன் கடையில் 2.10, எதிரே இருக்கும் மருந்துக் கடையில் 2.23. இரண்டும் ஒரே நிமிடம். இந்த வித்தியாசத்தைக் குறித்துச் சரிசெய்யாமல் கோத்தால், அந்தச் சங்கிலி நீதிமன்றத்தில் அறுந்துவிடும். எது சாட்சியமாகச் செல்லும் என்று சொல்லும் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழ் இல்லாத மின்னணுப் பதிவு சாட்சியமாக நிற்பதும் கடினம்.

கேமராவையே எடுத்துப் போவதும் நடக்கிறது. 2023 பிப்ரவரி 10 அதிகாலை, பெரம்பூர் பேப்பர் மில்ஸ் சாலையில் ஒரு நகைக்கடையின் ஷட்டரை வெல்டிங் கருவியால் ஆள் நுழையும் அளவுக்கு அறுத்து, 9 கிலோ நகையையும் சுமார் 20 லட்சம் ரூபாய் வைரத்தையும் எடுத்தவர்கள், பதிவுப் பெட்டியையும் கழற்றிக்கொண்டு போனார்கள். அது வங்கி இல்லை, நகைக்கடை. ஆனால் தேடிய விதம் ஒன்றே. கடைக்குள் கண் இல்லாமல் போனதும் தெருவின் கண்களைத் தேடிப் போனார்கள், தேடல் பெங்களூரு வரை நீண்டது. எங்கள் வட்டாரத்தில் நடந்த இந்தப் பெரிய சம்பவத்தில் பிடிபட்டவர்கள் பெங்களூருவில்தான் பிடிபட்டார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது செல்போன் கோபுரம். சம்பவ நேரத்தில் ஒரு கோபுரத்தின் கீழ் இருந்த எல்லா எண்களையும் காவல்துறை கேட்டு வாங்கும். வண்ணாரப்பேட்டையில் சனிக்கிழமை மதியம் ஒரு கோபுரம் என்றால் பல்லாயிரம் எண்கள் வரும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நோட்டம் பார்த்த நாள், சம்பவ நாள், பைக்கைக் கைவிட்ட இடம் என மூன்று இடங்களிலும் இருந்த எண் எது என்று சலித்தால் பட்டியல் சுருங்கும். 2016 ஆகஸ்ட்டில் சேலத்திலிருந்து எழும்பூருக்கு வந்த ரயிலின் கூரையில் ஓட்டை போட்டு 5.78 கோடி ரூபாய் எடுத்த வழக்கு இப்படிச் சலித்துத்தான் துலங்கியது. ரிசர்வ் வங்கியின் சென்னை அலுவலகத்துக்கு வந்துகொண்டிருந்த 342 கோடி ரூபாயில் அது ஒரு பகுதி. ஓடிய பாதை முழுக்க இருந்த கோபுரங்களின் தரவை சி.பி.சி.ஐ.டி. அலசி, மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த கும்பலை 2018-ல்தான் நெருங்கியது. இரண்டு ஆண்டுகள். இடையில் 2016 நவம்பரில் பழைய 500, 1000 நோட்டுகள் செல்லாமல் போய்விட்டன.

கதவுக்கு உள்ளே இருக்கும் கேள்விகள்

இவ்வளவும் வெளியே. என் வருத்தம் உள்ளே பார்க்க ஏன் தாமதம் என்பதுதான்.

ஒரு நகைக்கடன் கிளையில் பெட்டகம் ஒரே ஆளின் சாவியால் திறக்கக் கூடாது. இருவர் சேர்ந்துதான் திறக்க வேண்டும். அலாரம் உண்டு. காவலாளி உண்டு. இதையெல்லாம் தாண்டி நகை போயிருக்கிறதென்றால், சாவி யாரிடம் எந்த நேரத்தில் இருக்கும், எந்த நாள் ஆள் குறைவு, காவலாளி எப்போது சாப்பிடுவார், அலாரம் எங்கிருந்து அணைக்கலாம் என்பது யாருக்கோ தெரிந்திருக்கிறது. ஆறு மாதத்தில் வேலையை விட்டவர் யார்? தணிக்கைக்கு வந்தவர் யார்? அலாரத்தைப் பழுது பார்த்தது எந்த ஆள்? சம்பளத் தகராறு யாருக்கு, கடன் யாருக்கு? மேசையில் உட்கார்ந்தே கேட்கக் கூடிய கேள்விகள் இவை. அரும்பாக்கத்தில் பதில் இருந்தது இங்கேதான். காவலாளி தயங்காமல் குளிர்பானத்தை வாங்கிக் குடித்தார் என்றால், கொடுத்த கை அவருக்கு அந்நியமாக இருந்திருக்க முடியாது.

ஆனால் தேடலின் இயந்திரம் வேறு பக்கம் சாய்ந்திருக்கிறது. 2021-ல் தமிழ்நாடு காவல்துறை முகம் அடையாளம் காணும் செயலியைக் கொண்டுவந்தது. கேமராவில் கிடைத்த முகத்தை, ஏற்கெனவே வழக்குகளில் சிக்கியவர்களின் படங்களோடு அது ஒப்பிடும். யோசித்துப் பாருங்கள்: எந்த வழக்கும் இல்லாத கிளை ஊழியர் அந்தத் தொகுப்பில் இல்லவே இல்லை. பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஏதோ அடிதடியில் பெயர் ஏறிய புளியந்தோப்புப் பையன் இருக்கிறான். அவன் திருந்தி ஆட்டோ ஓட்டினாலும், கூரியர் கொடுத்தாலும் இருக்கிறான். ஹெச்.எஸ். (ஹிஸ்டரி ஷீட்) என்று ஒருமுறை திறந்த குற்றப் பின்னணிப் பதிவேடு சுலபத்தில் மூடுவதில்லை. நல்லொழுக்கப் பிணைக்கு ‘நூத்திப்பத்துல’ போட்டவர்களை, ‘சந்தேகக் கேஸ்ல’ எழுதியவர்களை எந்தச் சம்பவம் நடந்தாலும் ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவார்கள். சாயங்காலம் விட்டுவிடுவார்கள். ஆனால் அன்றைய கூலி போச்சு, வாடகை வீட்டு ஓனர் பார்த்துவிட்டார், மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் கேள்விப்பட்டுவிட்டார்கள். அந்த நஷ்டத்தை எந்த அறிக்கையும் எழுதுவதில்லை.

இதைவிட மோசமாகவும் முடிந்திருக்கிறது. 2022 ஜூனில், திருட்டு வழக்கு விசாரணைக்கென்று கொடுங்கையூர் காவல் நிலையத்துக்கு அழைத்து வரப்பட்ட ஒருவர் உயிரோடு திரும்பவில்லை. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்கு மாறியது. 2025 ஜூனில் மடப்புரத்தில் ஒரு கோயில் காவலாளி, காரில் இருந்த நகை காணவில்லை என்ற புகாரின் விசாரணையில் உயிரிழந்தார், அது சி.பி.ஐ. வரை போனது. காணாமல்போன நகைக்காக ஒரு உயிர். காவலில் அடித்து வாங்கும் ஒப்புதல் வாக்குமூலம் சட்டப்படி செல்லவும் செல்லாது. காவல் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலை சாட்சிய அதினியத்தின் 23-ஆம் பிரிவு ஏற்பதில்லை. அவர் சொன்னதை வைத்துப் பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்புக்குத் தொடர்பான பகுதி மட்டுமே செல்லும். கைது செய்த 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவிலேயே இருக்கிறது.

2012 விட்டுச் சென்ற கேள்வி

பெருங்குடியில் ஜனவரி 23, கீழ்க்கட்டளையில் பிப்ரவரி 20. இரண்டாவது கொள்ளைக்குப் பிறகு சந்தேக நபர் என்று ஒரு இளைஞரின் வீடியோ காட்சியைக் காவல்துறை ஊடகங்களுக்குக் கொடுத்தது. பிப்ரவரி 23 அதிகாலைக்குள் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்கள்தான் சுட்டார்கள், தற்காப்புக்காகத் திருப்பிச் சுட்டோம் என்றது காவல்துறை. கொள்ளை நடந்த இரு கிளைகளின் ஊழியர்கள் ஒரு நீதிமன்றக் கூண்டில் ஏறி, ‘இவர்தான்’ என்று கைகாட்டும் வாய்ப்பே வராமல் போயிற்று. குற்றம் யார் செய்தது என்பது விசாரணையில் நிரூபிக்கப்படாமலே மூடிய கதை அது. மோதல் சாவுகளில் சுதந்திரமான விசாரணை கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 16 வழிகாட்டுதல்களை வகுத்தது பிறகுதான், 2014-ல், வேறொரு மாநிலத்து வழக்கில்.

அந்தச் சம்பவத்துக்குப் பின் வாடகைக்கு இருப்பவர்களின் விவரத்தை வீட்டு உரிமையாளர்கள் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளில் வேலைக்கு வந்த பீகார், ஒடிசா இளைஞர்கள் எங்கள் பக்கம் நிறைய. வீடு கேட்டுப் போனாலே சந்தேகப் பார்வை என்பது அவர்களுக்குப் பழகிப்போனது. வடசென்னைக்காரன் என்றால் ரவுடி என்ற பேச்சால் காயப்பட்ட நாமே, வடநாட்டான் என்றால் கொள்ளைக்காரன் என்று பேசுவதைக் கேட்கும்போது எனக்குத் தாங்கவில்லை.

படத்தை வெளியிடுவதில் இன்னொரு கேடு உண்டு. கைதானவரின் முகத்தைத் துணியால் மூடி அழைத்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். அது அவருக்குக் காட்டும் மரியாதை இல்லை. நடுவர் முன்னிலையில் அடையாள அணிவகுப்பு நடக்க வேண்டும். சாட்சி பலர் நடுவிலிருந்து ஆளைச் சுட்டிக்காட்ட வேண்டும். முகம் ஏற்கெனவே டிவியிலும் வாட்ஸ்அப்பிலும் சுற்றிவிட்டால், ‘சாட்சி பார்த்தது கொள்ளையனை இல்லை, டிவியை’ என்று எதிர்த்தரப்பு கேட்கும். அந்தக் கேள்விக்குப் பல வழக்குகளில் பதில் இல்லை. வாட்ஸ்அப்பில் வரும் சந்தேக நபர் படத்தை மேலும் பத்துக் குழுவுக்கு அனுப்புபவர், தவறான ஆளைத் தெருவில் அடி வாங்க வைக்கலாம். சரியான ஆளை விடுதலையும் ஆக்கலாம்.

ஆள் கிடைத்தாலும் நகை கிடைக்க வேண்டும்

நகையைத் தேடுவது தனி வேலை. எடுத்தவனுக்கு நகை பாரம், பணமாக்க வேண்டும். ‘ரிசீவர்’ என்று காவல்துறை சொல்லும் ஆள் இங்கே வருகிறார். சௌகார்பேட்டை, தங்கசாலை, என்.எஸ்.சி. போஸ் சாலை ஆகிய இடங்களில் நேர்மையாகத் தொழில் செய்யும் ஆயிரக்கணக்கானவர்கள் நடுவில், கேள்வி கேட்காமல் உருக்கித் தரும் ஒருவர் போதும். உருகிவிட்டால் மீனம்மாவின் அட்டிகையும் மேரியின் ஜிமிக்கியும் ஒரே கட்டி. எடை திரும்பும், நகை திரும்பாது. அதனால் முதல் சில நாட்கள் முக்கியம். அடகுப் பொட்டலத்தின் சீலோடு கிடைத்தால் யாருடையது என்பதில் சந்தேகமே இல்லை. அரும்பாக்கத்தில் நகை வேகமாக மீண்டது பெரிய காரியம். அதைச் செய்த தனிப்படையினரைப் பாராட்ட வேண்டும். ஒரு காவல் ஆய்வாளரின் வீட்டிலிருந்த நகையையும் விடாமல் தேடி எடுத்தது அதே காவல்துறைதான்.

மீட்ட நகை உடனே வீட்டுக்கு வராது. அது வழக்குச் சொத்து. பறிமுதல் மகஜர் எழுதி நீதிமன்றத்தில் ஒப்படைக்கப்படும். குற்ற வழக்கு நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497, 503 பிரிவுகளின்படி மனுப் போட்டு இடைக்காலமாகத் திரும்பப் பெறலாம். வழக்கு முடியும்வரை விலையுயர்ந்த பொருளைக் காவல் நிலையத்தில் பூட்டி வைக்கத் தேவையில்லை. புகைப்படமும் விவரமும் எடுத்து, பிணைப் பத்திரம் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுக்கலாம் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பொதுவாக மனுப் போடுவது கடன் கொடுத்த நிறுவனம். அது மெத்தனமாக இருந்தால் அடகு வைத்தவர் எழுத்தில் கேட்க வேண்டும்.

நகை கிடைக்கவே இல்லை என்றால்? வங்கியில் போட்ட பணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். கல்லாப் பணம் வங்கியுடையது, கொள்ளை போனால் நஷ்டமும் வங்கியுடையதே. உங்கள் கணக்கில் ஒரு ரூபாய் குறையாது. லாக்கர் வேறு. உள்ளே என்ன இருக்கிறது என்பது வங்கிக்குத் தெரியாது. உச்ச நீதிமன்றத்தின் 2021 தீர்ப்புக்குப் பிறகு ரிசர்வ் வங்கி வகுத்த விதி 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது: தீ, திருட்டு, கொள்ளை, ஊழியர் மோசடி ஆகியவற்றில் வங்கியின் பொறுப்பு லாக்கர் ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரை. வாடகை 3,000 என்றால் 3 லட்சம். உள்ளே இருந்தது ஐம்பது சவரன் என்றாலும் அவ்வளவுதான்.

அடகு நகையில் நிலைமை மேல். எடை, தரம் எல்லாம் கிளையின் கணக்கிலேயே இருக்கிறது. 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட தங்க, வெள்ளி அடகுக் கடன் விதிகள், வங்கிகளும் நிறுவனங்களும் 2026 ஏப்ரல் 1-க்குள் பின்பற்ற வேண்டியவை, இதில் இரண்டு நல்ல காரியம் செய்திருக்கின்றன. அடகு வைத்த நகை தொலைந்தாலோ எடையிலோ தரத்திலோ குறைந்தாலோ கடன் வாங்கியவருக்குத் தெரிவித்துத் தகுந்த இழப்பீடு தர வேண்டும். இரண்டாவது, நகையை உங்கள் முன்னிலையில் மதிப்பிட்டு, காரட், மொத்த எடை, கல்லுக்கும் அரக்குக்கும் கழித்த எடை, நகையின் படம், அன்றைய மதிப்பு எல்லாம் அடங்கிய சான்றிதழ் ஒன்றை உங்கள் கையில் கொடுக்க வேண்டும்.

பல கிளைகளில் இன்னும் ‘செயின் 1, வளையல் 2’ என்று எழுதிய சீட்டைத்தான் நீட்டுகிறார்கள். அடுத்த முறை நகை வைக்கப் போகும்போது அந்தச் சான்றிதழைக் கேளுங்கள். படத்தோடு கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவோ பாட்டியோ வைக்கப் போனால் கூடவே போங்கள். நகைக் கடைக்காரர் கொடுத்த பழைய பில் இருந்தால் பத்திரமாக வையுங்கள். உங்கள் போனிலும் நகையை இரண்டு பக்கமும் படம் எடுத்து, தேதியோடு இன்னொருவருக்கு அனுப்பி வையுங்கள். கொள்ளை போய் மீட்கப்பட்டால் நடுவர் முன் ‘இது என்னுடையது’ என்று சொல்ல உதவுவதும், மீளாமல் போனால் இழப்பீட்டுக் கணக்கில் வாதாட உதவுவதும் அந்தக் காகிதமும் படமும்தான்.